ரோட்டில் அடிபட்டால், தவறு எதிர் வண்டியுடையது என்று நிரூபிப்பது எப்படி

அவிநாசி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ ஒரு விபத்து நடந்தால் பத்தே நிமிடத்தில் நாலு பேர் கூடி, "விடுங்க, பேசி முடிச்சுக்கலாம், கேஸ் கோர்ட்டுன்னு எதுக்குங்க அலையறீங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வெறும் சிராய்ப்பு என்றால் சரி. எலும்பு முறிந்திருந்தாலோ தலையில் அடிபட்டிருந்தாலோ தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். காலில் பிளேட் வைத்தபிறகு பனியன் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்க முடியுமா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது, பேசி வாங்கிய பணம் ஸ்கேனுக்கே பத்தாது.

முறையான இழப்பீடு கேட்க இரண்டு வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 164-ன் கீழ் யார் தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம், ஆனால் தொகை நிர்ணயமானது: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். அதை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில், அதாவது விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கிற கோர்ட்டில், போட்ட மனு முடிந்துபோகும் என்பதால் யோசித்து முடிவெடுங்கள். சம்பாதிக்கிற வயசில் நிரந்தர ஊனம் ஆகிவிட்டது என்றால் பிரிவு 166-தான் சரியான வழி. அங்கே எதிர் வண்டி ஓட்டுநரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

கவனக்குறைவு என்பதில் நாலு விஷயம் அடங்கியிருக்கிறது. ஓட்டுநருக்கு ஒரு கடமை இருந்தது, அதை அவர் மீறினார், அந்த மீறலால்தான் அடிபட்டது, அடியால் இன்ன இழப்பு. முதலாவதை யாரும் மறுக்க மாட்டார்கள், கடைசி உங்கள் ஆஸ்பத்திரி பில்லிலும் சம்பள ரசீதிலும் இருக்கிறது. சண்டை முழுவதும் நடுவில் உள்ள இரண்டுக்குத்தான். "கண்மண் தெரியாம வந்தானுங்க" என்று சொன்னால் அதில் ஒன்றும் நிற்காது. "நான் இடது ஓரமாகத் திருப்பூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன், வலது பக்கப் பெட்ரோல் பங்கிலிருந்து டிப்பர் இண்டிகேட்டர் போடாமல், நிற்காமல் ரோட்டில் ஏறியது, அதன் முன் பம்பர் என் வண்டியின் நடுவில் அடித்தது" என்று சொன்னால் என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்யவில்லை, அதனால் என்ன ஆனது என்ற மூன்றும் அதிலேயே வந்துவிடுகிறது. இதே விவரம் புகாரிலும் மனுவிலும் சாட்சிக் கூண்டிலும் மாறாமல் வர வேண்டும்.

நிரூபிப்பது என்றதும் பயப்பட வேண்டாம். கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டத் தேவையில்லை, இப்படித்தான் நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று தீர்ப்பாயம் நம்பினால் போதும். உச்ச நீதிமன்றம் 2009-ல் பிமலா தேவி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கிரிமினல் கேஸில் ஓட்டுநர் விடுதலை ஆகிவிட்டார் என்பதற்காக மட்டும் இழப்பீடு மனு தள்ளுபடி ஆகாது.

இனி காகிதங்கள். எல்லாரும் எஃப்.ஐ.ஆரைத்தான் நினைப்பார்கள், அதற்கும் முன்னாடி எழுதப்படுகிற ஒன்று இருக்கிறது: அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் டாக்டர் போடும் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு. எப்படி அடிபட்டது என்று கூட வந்தவர் சொல்வதை அவர் அப்படியே எழுதிக்கொள்வார். பதற்றத்தில் மச்சானோ பக்கத்து வீட்டு அண்ணனோ "வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டால், அந்த ஒற்றை வரியை வைத்தே எதிர் வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் "இவர் தானாக விழுந்தவர், எங்கள் வண்டி மோதவே இல்லை" என்று வாதிடுவார். ஆகவே எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு, என்ன வண்டி மோதியது, நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். முதலில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதேதான். வீட்டில் உள்ளவர்களுக்கு இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள், அடிபட்டு மயக்கத்தில் கிடப்பவரால் சொல்ல முடியாது.

அப்புறம் எஃப்.ஐ.ஆர். எழுதியதை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், திசையும் வண்டி நம்பரும் சரியா என்று பாருங்கள். நகல் இலவசமாகவே தர வேண்டும். சிகிச்சையால் புகார் தாமதமானால் அது மட்டுமே மனுவைக் கெடுக்காது, ஆனால் ஏன் தாமதம் என்று புகாரிலேயே காரணம் இருக்கட்டும். இதற்குப் பிறகு போலீஸ் தயாரிக்கும் பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தை நேரில் பார்த்து எழுதுவது), மாதிரி வரைபடம், குற்றப்பத்திரிகை, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாமே வேண்டும். வரைபடத்தில் மோதிய இடம் ரோட்டின் எந்தப் பக்கம் என்று குறித்திருக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். எதிர் வண்டி உங்கள் பக்கம் ஏறி வந்து மோதியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று அபூர்வம். ஆய்வாளர் அறிக்கையில் விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமில்லை என்று இருந்தால் "பிரேக் பிடிக்கலை" என்ற சாக்கும் போய்விடும்.

இதெல்லாம் கேட்டால் பிறகும் கிடைக்கும். சிசிடிவி அப்படியில்லை. நம்ம பக்கம் ரோட்டோரம் பேக்கரி இல்லாத இடமே குறைவு, பெரும்பாலும் கேமராவும் இருக்கும். பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்துவிடும். அதனால் மறுநாளே சொந்தக்காரர் ஒருவரை அனுப்பி, கடைக்காரரிடம் தன்மையாகப் பேசி நகல் வாங்குங்கள். பதிவை எடுத்து வைக்கச் சொல்லி ஸ்டேஷனிலும் எழுத்தில் மனு கொடுங்கள். அந்தப் பதிவைக் கோர்ட்டில் காட்ட பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி சான்றிதழ் வேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். ரோட்டில் கிடக்கும் கண்ணாடித் துண்டு, டயர் தேய்ந்த தடம், இரண்டு வண்டியிலும் நசுங்கிய இடம் இவற்றை வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பே போட்டோ எடுக்க முடிந்தால் நல்லது. பார்த்தவர்களின் பெயரும் செல் நம்பரும் வாங்குங்கள். அவர்கள் தயங்கினால், உதவி செய்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ பாதுகாப்பு கொடுக்கிறது என்று சொல்லுங்கள். சாட்சி கிடைக்காவிட்டாலும் அடிபட்டவர் நீங்களே முதல் சாட்சிதான். எதிர்ப்பக்கம் ஓட்டுநரைக் கூண்டில் ஏற்றாவிட்டால் அது அவர்களுக்கே பாதகமாகப் பார்க்கப்படும்.

இன்சூரன்ஸ் தரப்பு அடுத்துச் சொல்வது "உங்கள் மேலும் தவறு" என்பது. லைசென்ஸ் இல்லை, மூன்று பேர் போனீர்கள் என்று அடுக்குவார்கள். இவை சட்ட மீறல்தான், அதற்கு அபராதம் உண்டு. ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ அடியின் தன்மைக்கோ காரணமாக இருந்தால்தான் இழப்பீட்டில் பிடிக்கலாம். மூவர் பயணம் பற்றி 2020-ல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஹெல்மெட் போடாமல் தலையில் அடி என்றால் கொஞ்சம் குறைப்பதற்கு வாய்ப்பு இருக்கிறது, காலில் அடிபட்டதற்கு அதைச் சொன்னால் எதிர்த்து நில்லுங்கள்.

சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் ராத்திரி விளக்கில்லாமல் நிறுத்திய லாரியின் பின்னால் மோதியவர்கள் "நாமதானே போய் இடிச்சோம்" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். இண்டிகேட்டரோ சிவப்பு ரிஃப்ளெக்டரோ தடுப்போ இல்லாமல் ஆபத்தான இடத்தில் வண்டியை நிறுத்துவதும் கவனக்குறைவுதான். அந்த இடத்தில் தெருவிளக்கு இருந்ததா, லாரி வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை மகஜரில் எழுத வையுங்கள்.

மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், 2022 ஏப்ரலில் இருந்து சட்டத்தில் அந்தக் கெடு இருக்கிறது. நாமக்கல்லில் அடிபட்டிருந்தாலும் ஈரோட்டில் குடியிருந்தால் ஈரோட்டிலேயே போடலாம். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவச வக்கீல் உண்டு. வருகிற இழப்பீட்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேரம் பேசுகிற வக்கீலிடம் கேஸைக் கொடுக்காதீர்கள், பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது.