தரவு தந்தவர்களின் பெயரைப் பதிவு செய்வது எப்படி

கையால் எழுதிய எண்களை அடையாளம் காணக் கணினிக்குக் கற்றுத்தரும் எம்னிஸ்ட் தொகுப்பைத் தொடாமல் செயற்கை நுண்ணறிவு படித்தவர்கள் குறைவு. அதிலுள்ள 70,000 எண்களை எழுதியவர்கள் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஊழியர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் ஆவர். மூலத் தொகுப்பில் எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் இருந்தது; உலகம் முழுவதும் பரவிய வடிவத்தில் அந்த எண்கூட இல்லை. எந்தப் படம் எவர் கைப்பட்டது என்பதை மூலத்தோடு ஒப்பிட்டு மீட்பதற்கு 2019இல் தனியாக ஓர் ஆய்வையே நடத்த வேண்டியிருந்தது. அப்போதும் மீண்டது வரிசை எண்தான், பெயர் அல்ல.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பங்கேற்ற ஒரு பேச்சுத் தரவுப் பணியில் ஒலிக்கோப்புகளுக்குப் ‘பேசுபவர் 07’, ‘பேசுபவர் 08’ என்று பெயரிட்டோம். தொகுப்பை வெளியிடும் நேரத்தில் நன்றியுரை எழுத உட்கார்ந்தபோது, தொலைபேசி எண்கள் இருந்த தாள் பணியிலிருந்து விலகிய ஒருவரிடம் போயிருந்தது. ஒப்புதல் படிவங்களிலோ கையொப்பம் மட்டுமே இருந்தது. பேசுபவர் 07 ஒரு மூதாட்டி. இருமல் வந்தால் தாமே கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி படித்துக் கொடுத்தவர். அவருடைய குரலை இன்றும் ஆயிரம் குரல்களுக்கு நடுவே என்னால் அடையாளம் சொல்ல முடியும். பெயரைச் சொல்ல முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்துவது ஒன்றே: பெயரைப் பதிவு செய்வது வெளியீட்டு நாளின் வேலை அன்று, தரவு கைக்கு வரும் நாளின் வேலை.

முதலில், யார் யாரைக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். பேசியவர், எழுதியவர், படம் எடுத்தவர் ஆகியோர் உடனே நினைவுக்கு வருவார்கள். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கியவர், படத்தில் இருப்பது இன்னதென்று குறியிட்டவர், மற்றவர் இட்ட குறியைச் சரிபார்த்தவர், காணச் சகிக்காத உள்ளடக்கத்தைப் பார்த்துப் பார்த்து நீக்கியவர் ஆகியோர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள். 1.4 கோடிக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்ட இமேஜ்நெட் தொகுப்புக்காக 167 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 50,000 பேர் இணையவழியில் படங்களை வகைப்படுத்தினார்கள். அத்தனை பெயர்களையும் ஒரு கட்டுரையின் முகப்பில் அச்சிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் தரவோடு சேர்த்து ஒரு கோப்பில் வைக்க முடியும், அதற்குப் பக்க வரம்பு கிடையாது. ஆய்வுக் கட்டுரைகளில் ஒவ்வொருவரின் பங்கையும் 14 வகைகளாகப் பிரித்துச் சொல்லும் ‘கிரெடிட்’ என்ற வகைப்பாடு இருக்கிறது. அது ஆய்வாளர்களுக்காக உருவானது என்றாலும், பெயருக்குப் பக்கத்தில் செய்த வேலையையும் எழுத வேண்டும் என்ற அதன் முறையைத் தரவுப் பணிக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கேட்பது. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். தரவைப் பயன்படுத்த ஒப்புதல் தருவதும் பெயரை வெளியிட ஒப்புதல் தருவதும் வெவ்வேறு முடிவுகள். இரண்டையும் ஒரே கையொப்பத்தில் அடக்கக் கூடாது. படிவத்தில் தனிக் கேள்வியாக, ‘உங்கள் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும்?’ என்று கேட்டு, இயற்பெயர், புனைபெயர், தாம் சார்ந்த குழுவின் பெயர், பெயரே வேண்டாம் என்ற நான்கு வாய்ப்புகளையும் ஒரே அளவு எழுத்தில் கொடுங்கள். பெயரை அவரே, அவருக்குப் பழகிய எழுத்துமுறையில், எழுதட்டும். நாம் காதால் கேட்டு எழுதிய பெயர் பல நேரங்களில் அவருடைய பெயராக இருப்பதில்லை. மனம் மாறினால் யாரிடம், எப்படிச் சொல்லலாம் என்பதையும் அதே தாளில் எழுதி, ஒரு படியை அவர் கையில் கொடுங்கள். பெயர் போடுகிறோம் என்பதைச் சொல்லிக் கூலியைக் குறைப்பதையும், கூலி கொடுத்துவிட்டோம் என்று சொல்லிப் பெயரை விடுவதையும் நான் ஏற்க மாட்டேன். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பெயர் வேண்டாம் என்றவரைப் பாதுகாப்பது பெயரை வெளியிடுவதைப் போலவே பொறுப்பான வேலை. சிறு வேலைகளை இணையவழியில் பலருக்குப் பிரித்துத் தரும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் குறியிட்டவர்களின் அடையாளக் குறியீடுகளை ஆய்வாளர்கள் பலர் தரவோடு சேர்த்து வெளியிட்டு வந்தார்கள். அதே குறியீடு அமேசான் கடையின் பொதுப் பக்கங்களிலும் அந்த நபரைச் சுட்டியது என்றும், சிலருடைய பெயரையும் படத்தையும்கூட அங்கே காண முடிந்தது என்றும் 2013இல் தெரியவந்தது. ஆகவே தளங்கள் தரும் குறியீட்டை அப்படியே வெளியிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் நீங்களே தற்போக்காக ஒரு குறியீட்டை உருவாக்கி, அந்தக் குறியீட்டை மட்டும் தரவின் ஒவ்வொரு வரிசையிலும் எழுதுங்கள். குறியீட்டையும் ஆளையும் இணைக்கும் கோப்பைப் பூட்டிய வேறிடத்தில் வையுங்கள். பின்னாளில் ஒருவர் தம் பங்களிப்பை நீக்கச் சொன்னாலும், இதுவரை மறைத்த பெயரை வெளியிடச் சொன்னாலும், இந்த ஒரு குறியீடே போதும்.

சில தரவுகள் தனி ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. நியூசிலாந்தின் மாவோரி மொழி ஊடகமான தே ஹிகு மீடியா 2018இல் மக்களை அழைத்தபோது, ஏறக்குறைய 2,500 பேர் பத்தே நாள்களில் 300 மணி நேரத்துக்கும் மேலான பேச்சைப் பதிந்து கொடுத்தார்கள். அந்த அமைப்பு, தரவின் உரிமையாளராகத் தன்னைக் கருதாமல் காப்பாளராகக் கருதி, அதற்கென ஓர் உரிமத்தையும் வகுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட இடங்களில் தனிப் பெயர்களின் பட்டியல் போதாது. எந்தச் சமூகத்தின் மொழி, யாருடைய அனுமதியின் பேரில், என்ன நிபந்தனையோடு வந்தது என்பதையும் எழுத வேண்டும். தொல்குடி மக்களின் தரவுக்காக 2019இல் வெளியான கேர் நெறிகள் இந்த அதிகாரத்தை அந்த மக்களிடமே வைக்கச் சொல்கின்றன.

இணையத்திலிருந்து திரட்டிய உரையாக இருந்தால், எழுதியவரை நேரில் கேட்டிருக்க மாட்டோம். அப்போது ஒவ்வொரு வரிசையிலும் மூல முகவரி, எழுதியவர், உரிமம், எடுத்த தேதி என்ற நான்கு நெடுவரிசைகளாவது இருக்கட்டும். விக்கிப்பீடியாவின் உரிமம் எழுதியவர்களைக் குறிப்பிடச் சொல்கிறது. கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தால் அதன் வரலாற்றுப் பக்கம் வழியாக அவர்கள் அனைவரையும் சென்றடையலாம். சேகரிக்கும்போது இந்த விவரங்கள் பெரும்பாலும் இருக்கவே செய்யும். நகல்களை நீக்கும்போதும், பல தொகுப்புகளை ஒன்றாக்கும்போதும்தான் உதிர்ந்துபோகும். ஒவ்வொரு படி முடிந்ததும் பத்து வரிசைகளை எடுத்து, அவை யாருடையவை என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்குச் சொல்ல முடியாவிட்டாலும் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

வெளியிடும்போது பெயர்க் கோப்பைத் தரவின் அதே கோப்புறையில் வைத்து, தொகுப்பை விவரிக்கும் தரவு அட்டையிலும் சுருக்கமாகச் சொல்லுங்கள். தரவு எப்படி, யாரால் திரட்டப்பட்டது, அவர்களுக்கு என்ன ஊதியம் தரப்பட்டது என்ற கேள்விகளை செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் டிம்னிட் கெப்ருவும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் முன்வைத்த தரவுத்தாள் முறையே கேட்கிறது. அதைப் பின்பற்றினால் போதும். தொகுப்புக்கு டிஓஐ என்ற நிலையான இணைய அடையாள எண்ணைப் பெற்றுவிட்டால், பிறர் அதை மேற்கோள் காட்டுவதும் எளிதாகும். குறிப்பு ஏறக்குறைய இப்படி அமையலாம்:

“இத்தொகுப்பிலுள்ள 62 மணி நேரப் பேச்சு 118 பேருடையது. அவர்களில் 74 பேர் தம் பெயரையும் 19 பேர் புனைபெயரையும் குறிப்பிடச் சொன்னார்கள். 25 பேர் பெயர் வேண்டாம் என்றார்கள். பேச்சை எழுத்தாக்கியோர் 9 பேர், சரிபார்த்தோர் 4 பேர். முழுப் பட்டியல் பெயர்க் கோப்பில் உள்ளது. இதைப் பயன்படுத்துவோர் அந்தக் கோப்பையும் உடன் சேர்த்து வழங்கவும்.”

பெயர் வேண்டாம் என்ற 25 பேரையும் எண்ணிக்கையில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். இத்தகைய தரவைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவித்து வெளியிடுபவர் நீங்கள் என்றால், பயன்படுத்திய ஒவ்வொரு தொகுப்பின் பெயரையும் பதிப்பையும், அந்த மாதிரியை விவரிக்கும் மாதிரி அட்டையில் எழுதி, அந்தந்தப் பெயர்க் கோப்புக்கு இணைப்புக் கொடுங்கள். மாதிரி தரும் ஒரு குறிப்பிட்ட விடை இன்னாருடைய தரவிலிருந்து வந்தது என்று மட்டும் உறுதி கூறாதீர்கள். அதைத் திட்டவட்டமாகக் கண்டறிவது இன்றைக்கும் கடினம்.

வெளியிடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே பெயர்ப் பட்டியலைப் பங்களித்தவர்களுக்கு அனுப்பி, தம் பெயர் இருக்கும் வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்க இயலாதவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுங்கள். ஒற்றுப் பிழை இருந்தால் அவர் சொன்னபடி திருத்துங்கள். இப்போது பெயர் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.