உயில் எழுதி வைப்பது எப்படி: மதுரைப் பக்கம் வீடும் வயலும் உள்ளவர்களுக்கு

உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால் சட்டமே சொத்தைப் பங்கு போட்டுவிடும். அந்தப் பங்கு அவர் மனதில் வைத்திருந்தபடி இருக்காது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. "வீடு அவளுக்குத்தான்" என்று வாயால் சொல்லி வைத்திருப்பார். இரண்டு பிள்ளைகளும் தாயும் இருந்தால் மனைவிக்கு வருவது கால் பங்குதான். பெண்களின் நிலை இன்னும் மோசம். குழந்தை இல்லாத, கணவரையும் இழந்த ஒரு பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீடு முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றவர்கள் அதற்குப் பிறகுதான். இரண்டு சென்ட் வீடும் ஒரு வங்கிக் கணக்கும் மட்டுமே உள்ளவர்களும் உயில் எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

முதல் வேலை, எது உங்களுடையது என்று பிரிப்பது. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் நிலங்கள் உண்டு; அவற்றை முழுவதும் மகன்களுக்கு என்று எழுதினால், மற்றவர்களின் பங்கைப் பொறுத்தவரை உயில் கோர்ட்டில் நிற்காது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதும் 2005-இலும் சட்டமாகிவிட்டது. கல்யாணத்துக்கு நகையும் சீரும் செய்தது அந்த உரிமையைத் தீர்க்காது. மகள் மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால் அதற்குத் தனியாக விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும்.

அடுத்தது சொத்து விவரம். உயில்கள் சறுக்கும் இடம் இது. "ஊரில் உள்ள என் நிலம்" என்று எழுதாதீர்கள். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, பரப்பளவு எல்லாம் வேண்டும். பழைய பத்திரத்தில் உள்ள சர்வே எண், யுடிஆர் என்ற நில ஆவணப் புதுப்பிப்பு அளவீட்டுக்குப் பிறகு மாறியிருக்கலாம். மாறியிருந்தால் பழையது, புதியது இரண்டையும் குறிப்பிடுங்கள். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட், 40.5 ஏர் ஓர் ஏக்கர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுதும் முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுவது நல்லது.

வயலைப் பிரிக்கும்போது தண்ணீரையும் பாதையையும் மறந்துவிடுகிறார்கள். மேற்குப் பாதி மூத்தவனுக்கு, கிழக்குப் பாதி இளையவனுக்கு என்று எழுதி, கிணறு மேற்கே இருந்தால் இளையவன் பயிர் காயும். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, பம்புசெட் மின் இணைப்பு எண் யார் பெயருக்கு, வண்டிப்பாதை எத்தனை அடி அகலம், வாய்க்கால் எந்த வரப்போரம் என்று எழுதுங்கள். நான்கு வரி கூடும், நான்கு வருட வழக்கு குறையும்.

மனைவிக்கு எழுதும்போது வார்த்தையில் கவனம். "சர்வ சுதந்திரமாக" என்றால் அவர் விற்கலாம், அடகு வைக்கலாம். "ஆயுள் பரியந்தம் அனுபவித்து, பின் மகனுக்கு" என்றால் விற்க முடியாது. பத்திர எழுத்தர் கையில் உள்ள பழைய மாதிரியைப் பார்த்து இரண்டையும் ஒரே உயிலில் போட்டால் வழக்கு நிச்சயம். வயதான காலத்தில் மருத்துவச் செலவுக்கு விற்கும் உரிமையாவது மனைவிக்கு இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உங்கள் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும். பின்னால் வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். ஆகவே உங்களைவிட இளையவர், உள்ளூரில் நிலையாக இருப்பவர் நல்லது. சொத்து பெறுபவரையோ அவர் கணவர், மனைவியையோ சாட்சியாக்காதீர்கள். சொத்து பெறும் மகனே எழுத்தரைப் பிடித்து, காரில் அழைத்துப் போய், பக்கத்தில் நின்றால் அந்த உயில்மேல் சந்தேகம் விழும். ஒரு பிள்ளைக்குக் கொடுக்காவிட்டால் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வயது அதிகம் என்றால், தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று அன்றைய தேதியிட்டு மருத்துவர் சான்று வாங்கி வையுங்கள்.

முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்கள் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும்.

வங்கியில் நாமினி போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர்தான், உரிமையாளர் அல்ல. உயிலும் நாமினியும் ஒரே பெயராக இருந்தால் சண்டைக்கு இடமில்லை. கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ், சீட்டுப் பணம், அடகில் இருக்கும் நகை, கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி உயிலோடு வையுங்கள்.

உயிலுக்குப் பதில் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுங்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும், நினைத்தால் திரும்ப வாங்க முடியாது. எழுதியே ஆக வேண்டுமென்றால், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேருங்கள். அந்த நிபந்தனை இருந்தால், கைவிடப்பட்ட பெற்றோர் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனுவை ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

உயிலைப் பதிவது கட்டாயமில்லை, ஆனாலும் பதியுங்கள். நடக்க முடியாதவர் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிய வழியுண்டு. பதிந்த உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது, நீங்கள் இருக்கும்வரை நகலும் பிறருக்குக் கிடைக்காது. அதனால் எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்த ஆண்டு, ஆவண எண் என்ன என்பதை நம்பிக்கையான இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். பிறகு மனம் மாறினால் பழைய தாளில் அடித்துத் திருத்தாமல், முந்தைய உயிலை ரத்து செய்கிறேன் என்று தேதி, ஆவண எண்ணோடு குறிப்பிட்டுப் புதிதாக எழுதி, அதையும் பதிந்துவிடுங்கள்.