பாலத்து ஏற்றத்தில் வெளிப்படும் ஹேண்ட் பிரேக் தவறுகள்

காவிரிப் படுகையில் கார் ஓட்டக் கற்பவர்களுக்கு ஹேண்ட் பிரேக்கின் அருமை தாமதமாகவே தெரிகிறது. வயலும் வாய்க்காலுமாகத் தரை மட்டமாகக் கிடப்பதால், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால், தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் சிறு தொலைவுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும்; பாலத்துக்கு ஏறும் சரிவில் முன்னால் போகும் பேருந்து நின்றுவிட்டால் கைக்குப் பழகாத வேலை அங்கே வந்து சேர்கிறது.

அப்போது பலரும் செய்யும் தவறு, பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டருக்குக் காலை அவசரமாக மாற்றுவது. அந்த ஒரு நொடியில் வண்டி உருண்டு, பின்னால் ஒட்டி நிற்கும் மொபெட்டின் மீது இடித்துவிடலாம். சிலர் பாதி கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவார்கள். பார்க்கத் திறமையாகத் தோன்றினாலும், கிளட்ச் தகடு தேய்ந்து கருகல் வாடை வருவது இதனால்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, முதல் கியரில் சிறிது ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் ஒலி சற்றுத் தாழ்ந்து வண்டி முன்னே செல்ல முனைவதை உணர்ந்த பின்னரே ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். ஏற்றத்தில் பின்னால் உருளாமல் வண்டியை எடுப்பதை, ஓட்டுநர் தேர்வில் காட்ட வேண்டிய திறன்களுள் ஒன்றாக 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் குறிப்பிடுகின்றன.

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது கியரில் வைத்துக் கிளட்சை மிதித்தபடியே காத்திருப்பதும் தவறுதான். கால் நழுவினால் வண்டி முன்னே பாயும். நியூட்ரலுக்கு மாற்றி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டால் காலுக்கும் ஓய்வு கிடைக்கும், பின்னால் நிற்பவரின் கண்ணில் பிரேக் விளக்கும் கூசாது.

வண்டி முழுவதும் நிற்கும் முன்பே ஹேண்ட் பிரேக்கை இழுப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லின் மீதோ வைக்கோலின் மீதோ (பரப்பக் கூடாதுதான், ஆனாலும் பரப்புகிறார்கள்) சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சறுக்கும்.

ஆற்றங்கரைச் சரிவில் நிறுத்திவிட்டு இறங்கும்போது, மேட்டைப் பார்த்து நிற்கும் வண்டியை முதல் கியரிலும், பள்ளத்தைப் பார்த்து நிற்பதை ரிவர்ஸ் கியரிலும் விட்டு வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் நெம்புகோலை முழுவதும் மேலே இழுத்த பிறகும் வண்டி அசைந்தால் கேபிள் தளர்ந்திருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் காட்டாமல் அதைச் சரிவில் நிறுத்தக் கூடாது.