கொல்லைப்புறப் பட்டறை: இயந்திரம் வாங்குமுன் தரையைப் பாருங்கள்

தச்சு வேலை பழகுகிறவர்கள் கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டகை போட்டு முடித்ததும் வந்து பார்க்கச் சொல்லி அழைப்பார்கள். போனவுடன் அவர்கள் காட்டுவது இயந்திரத்தை. நான் பார்ப்பது தரையை, அடுத்தது கூரையை. அதற்குள்ளாகவே அவர்கள் முகம் லேசாக மாறிவிடும். எல்லாரும் சறுக்குவது, நானும் ஒரு காலத்தில் சறுக்கிய அதே சில இடங்களில்தான்.

கண்ணாடி போடுங்கள், தொளதொள சட்டை வேண்டாம், ரம்பத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகாதீர்கள் என்பதையெல்லாம் இயந்திரத்தோடு வரும் கையேடே சொல்லிவிடும். கொட்டகை எழும்பும்போது கோட்டை விட்டுவிட்டு, பிறகு எளிதில் திருத்த வழியில்லாமல் முழிக்கும் சங்கதிகளை முதலிலும், வேலைப் பழக்கத்தில் வரும் சறுக்கல்களைக் கடைசியிலும் எழுதுகிறேன்.

## தாள் விரிக்காமல் கான்கிரீட் போடுவது

தரை போடும் நாளில் செலவு என்று கண்ணுக்குத் தெரிவது சிமென்ட்டும் ஜல்லியும் கூலியும்தான். மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் இருக்கக் கான்கிரீட்டுக்கு அடியில் விரிக்க வேண்டிய பாலிதீன் தாளுக்கு ஆகும் காசு அந்தக் கணக்கில் கண்ணிலேயே படாது. 1200 கேஜ், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் போதும். ஆனால் அதை விரிக்க வாய்க்கும் நாள் ஒன்றே ஒன்று. கான்கிரீட் கொட்டிவிட்டால் பிறகு தரையை உடைத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் தொல்லை கொடுக்கப்போகிற ஒன்றை, வேலைக்கு வந்தவர் “எதுக்குங்க அதெல்லாம்” என்று சொன்னார் என்பதற்காக விட்டுவிடுகிறார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

பழக்கமான ஒரு தம்பிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மண்ணை இடித்து இறுக்கு, ஜல்லி பரப்பு, ஜல்லி முனை தாளைக் குத்தாதபடி மேலே மணல் போடு, அப்புறம் தாளை விரி, இரண்டு தாள் சேரும் இடத்தில் ஓர் அடி ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும், டேப் ஒட்டு, ஓரத்தைச் சுவரோடு மேலே மடித்துவிடு என்று ஒவ்வொன்றாக. தலையாட்டினான். அடுத்த முறை போனபோது தரை வழவழவென்று முடிந்திருந்தது. தாள் எங்கேடா என்றால், “வேண்டாம்னுட்டாருண்ணே. ஷெட்டுக்கெல்லாம் யாரும் போடறதில்லையாம். தொட்டுப் பாருங்க, காஞ்சுதானே இருக்கு?”

தொட்டால் காய்ந்துதான் இருக்கும். திரி எண்ணெயை இழுப்பதுபோல, கான்கிரீட்டின் நுண்துளைகள் மண்ணின் ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே வந்த ஈரம் அப்போதைக்கப்போது ஆவியாகிவிடுவதால் கைக்குத் தட்டுப்படாது. ஆவியானது எங்கே போகும்? இரவெல்லாம் கதவு சாத்திக் கிடக்கும் கொட்டகைக்குள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

சந்தேகம் இருப்பவர்கள் ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் துண்டு ஒன்றை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் தரையில் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. புதுத் தரையில் மட்டும் இதை நம்பாதீர்கள். கலவையில் ஊற்றிய தண்ணீரே வெளியேறி முடிக்க நாளாகும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. நாலு அங்குலத் தரை என்றால் நாலு மாதம். நம் ஆட்கள் அடுத்த வாரமே ரம்ப மேசையை இறக்கிவிடுகிறார்கள்.

தம்பிக்கு முதலில் வந்தது துரு. வார்ப்பிரும்பு மேசையில் கை வைத்த இடமெல்லாம் விரல் அடையாளத்தோடு செம்பழுப்புக் கறை. பிறகு சுவரோரம் தரையில் நிறுத்தி வைத்திருந்த பிளைவுட்டின் அடி ஓரம் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்தது. இதெல்லாம் சில்லறை நஷ்டம். பெரிய அடி, அக்கா வீட்டுக்கென்று அவன் செய்த படிப்பு மேசையில் விழுந்தது.

மழைக்காலத்தில் தேக்குப் பலகைகளை ஒட்டி, இரண்டடி அகலத்தில் மேல்பலகை செய்தான். வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கொண்டுபோய் வைத்தது ஏசி ஓடும் அறையில். சில மாதத்தில் பலகை நீளவாக்கில் பிளந்துவிட்டது. “பசை சரியில்லைண்ணே” என்று கடைக்காரர் மேல் கோபப்பட்டான். போய்ப் பார்த்தேன். பிளவு ஒட்டிய இடத்தில் இல்லை. ஒரு பலகையின் நட்ட நடுவில் ஓடியிருந்தது. பசை கெட்டியாகத்தான் பிடித்திருக்கிறது, கிழிந்தது மரம்.

கணக்கு இதுதான். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்கும் கொட்டகையில் கிடக்கும் மரம் மெல்ல மெல்ல ஏறத்தாழ 16 சதவீத ஈரத்துக்கு வந்து நிற்கும். 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்குப் போனால் அது 9 சதவீதத்துக்கு இறங்கும். பச்சையாக இருப்பதிலிருந்து ஒட்டக் காயும்வரை, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் தேக்கு சுருங்குவது சுமார் 5.8 சதவீதம். உள்ளே ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே சுருக்கம் தொடங்குவதால், ஒவ்வொரு சதவீத ஈரம் குறையும்போதும் அகலம் கிட்டத்தட்ட 0.19 சதவீதம் குறையும். 7 சதவீத இறக்கத்துக்கு, 600 மில்லிமீட்டர் பலகையில் 8 மில்லிமீட்டர். சுருக்கம் குறைவான மரங்களில் ஒன்று தேக்கு, அதற்கே இவ்வளவு.

அந்த 8 மில்லிமீட்டருக்கு இடமே கொடுக்காமல், அடிச்சட்டத்தோடு சேர்த்து வரிசையாகத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தான். சட்டத்தில் நீள்துளை போட்டுத் திருகாணி நகர வழி விட்டிருந்தால் மேசை பிழைத்திருக்கும். அதைச் சொன்னால், “நல்லா சீசன் ஆன கட்டைதாண்ணே அது” என்கிறான். சீசன் ஆன, அதாவது பதமாகக் காய்ந்த கட்டை திரும்ப ஈரம் குடிக்காது என்று யாரோ இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எத்தனை வருஷத்துப் பழைய மரமானாலும் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை எடுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும்.

தாள் இல்லாத தரை ஏற்கெனவே அமைந்துவிட்டதா? ஈரம் தடுக்கும் எபாக்சிப் பூச்சைத் தரைமேல் இரண்டு கை பூசலாம்; பூசுமுன் சிமென்ட் பால் படிந்த மேல்தோலைத் தேய்த்து எடுக்காவிட்டால் உரிந்து வந்துவிடும். இல்லையென்றால் தரைமேலேயே தாளை விரித்து, ரீப்பர் கட்டை அடுக்கி, மேலே பிளைவுட் தளம் போடலாம். நின்று வேலை செய்கிறவர்களுக்கு முழங்காலும் தப்பும், கைதவறி விழும் உளியின் முனையும் தப்பும். மரத்தைத் தரையில் அடுக்காதீர்கள். சுவரில் தாங்கி அடித்து, பலகைக்குப் பலகை இடையில் குச்சி கொடுத்து அடுக்குங்கள். வார்ப்பிரும்புக்கு மெழுகு தேய்க்கலாம். சிலிக்கான் கலந்த ஸ்பிரே வேண்டாம்: அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு அடிக்கும் வார்னிஷ் அந்த இடத்தில் மட்டும் குழி குழியாக விலகும்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிடுகிறவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

## தகரத்துக்கு அடியில் ஒன்றும் இல்லாத கூரை

இதுவும் அதே ஈரத்தின் கூத்து, மேலிருந்து. இரவில் தகரம் வானத்தைப் பார்த்து வெப்பத்தை விட்டுச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். உள்ளே காற்று 25 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால், தகரம் 21 டிகிரிக்கு வந்தாலே அடிப்பக்கம் வியர்க்கத் தொடங்கும். விடிகாலையில் இயந்திரத்தின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றால் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, மேலே ஏறி ஓட்டை தேடுகிறார்கள். ஓட்டை இருக்காது. தகரத்துக்கு அடியில் நுரைத் தகடாவது கொடுங்கள். கூரை உச்சியிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் காற்று போய்வர வழி விடுங்கள்.

## வீட்டு பிளக்கிலிருந்து இழுத்த ஒயர்

“மோட்டார் சரியாகக் கிளம்பவில்லை, முனகுகிறது” என்று புகார் வந்தால் முதலில் ஒயரைத்தான் பார்ப்பேன். 2 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் கேட்கும். வீட்டிலிருந்து 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டிருந்தால், அந்தக் கணத்தில் 230 வோல்ட்டில் 40க்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். முறுக்குவிசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்த இழப்பு 17 வோல்ட்டுக்குள் நிற்கும்.

சுருளோடு கூடிய எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பாதி மட்டும் அவிழ்த்து ஓட்டுவது இன்னும் மோசம். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் காப்புறை உருகிவிடும். கொட்டகைக்கென்று தனி லைன், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் தனி டிபி பெட்டி, எர்த், மின்கசிவு வந்தால் அணைந்துவிடும் ஆர்சிசிபி இவ்வளவையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் போடட்டும். விளக்குக்கு வேறு சர்க்யூட். ரம்பம் ஓடும்போது ஃப்யூஸ் போய், ரம்பமும் உடனே நிற்காமல் விளக்கும் அணைந்த இருட்டில் நிற்க நேர்ந்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

## ரம்ப மேசையை மூலையில் தள்ளுவது

இடம் மிச்சமாகும் என்று நினைப்பு. எட்டடி பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு கொட்டகையில் அது எங்கிருந்து வரும்? சக்கரம் வைத்த மேசையாக்கி, வாசலுக்கு நேராக நிறுத்தி, அறுத்த பலகை வெளியே நீளும்படி வையுங்கள். சக்கரத்துக்குப் பூட்டு இருக்கட்டும்.

## வாசல்

நாலடி அகலம். அதற்குக் குறைந்தால், உள்ளே செய்த பீரோவுக்கு உள்ளேயே குடித்தனம்.

## ஒரே ஒரு டியூப் லைட்

வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் கோடு போட்ட இடத்தில் உங்கள் நிழல்தான் விழும். பழைய வகைச் சோக்கு டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்குவதால், சுற்றும் ரம்பம் நிற்பதுபோலத் தோன்றும் ஆபத்தும் உண்டு. நல்ல எல்இடி விளக்கு, மேசைக்கு இரண்டு பக்கமும்.

## தூசியைத் துடைப்பத்தால் கூட்டுவது

சீவல், தூள் எல்லாம் தரையில் விழும். அதற்குத் துடைப்பம் போதும். நெஞ்சுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத பொடி. 1995இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதியான முதல் வகுப்பில் மரத்தூசியைச் சேர்த்தது. கூட்டினால் கீழே படிந்த பொடியும் மறுபடி மேலே கிளம்பும். பொடி பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சும் குழாயை மாட்டுங்கள். உப்புத்தாள் தேய்த்து முடித்தவுடன் முகமூடியைக் கழற்றுகிறார்கள். பொடி அதற்குப் பிறகும் வெகுநேரம் காற்றில் மிதக்கும்.

## இயந்திரம் எல்லாம் இருக்கிறது, வேலை மேசை இல்லை

முதலில் மேசை. கனமாக, ஆடாமல், இழைப்புளி பிடித்துத் தள்ளினாலும் நகராமல்.

## எண்ணெய்த் துணி

ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அந்த எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூட்டை வெளியிடும். கசக்கிய துணிக்குள் சூடு ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே மரத்தூளும் கிடக்கும். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள். அதற்கு நேரமில்லாத நாளில் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி மூடி வெளியே வைத்துவிடுங்கள்.