பிராந்திய ஒருங்கிணைப்புக் கோட்பாடுகள்: நிலக்கரி ரயிலில் ஏறிப் படிப்போம்

சர்வதேச உறவுகள் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும், பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஏன், எப்படி ஒன்றுசேர்கின்றன என்று சொல்லும் இந்தப் பாடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நியோஃபங்ஷனலிசம், இன்டர்கவர்ன்மென்டலிசம் என்று வாயில் நுழையாத பெயர்கள். மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். நான் சொல்லும் வழி எளிது. ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, "இதைத் தள்ளியது யார், இழுத்துப் பிடித்தது யார்?" என்று கேளுங்கள். கோட்பாடுகள் தானாகப் பிரிந்து நிற்கும்.

படி 1: சின்னதாகத் தொடங்குங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தை மொத்தமாகக் கையில் எடுத்தால் மூழ்கிவிடுவீர்கள். அதன் வேரை மட்டும் எடுப்போம். 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு யோசனையை அறிவித்தார். திட்டம் போட்டவர் ழான் மொனே. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைப்பது, விரும்பும் நாடுகளும் சேரலாம் என்பதே யோசனை. பீரங்கி செய்ய எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுக் கணக்கில் வந்துவிட்டால் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போருக்குத் தயாராக முடியாது. இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவையும் சேர, 1951இல் அந்தப் பொது அமைப்பை உருவாக்கும் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது.

படி 2: ஏணியில் இடம் பாருங்கள்

பொருளியலாளர் பேலா பலாசா 1961இல் ஓர் ஏணி வரைந்தார். தடையற்ற வர்த்தகப் பகுதி, சுங்க ஒன்றியம், பொதுச் சந்தை, பொருளாதார ஒன்றியம், கடைசியில் முழு ஒருங்கிணைப்பு. முதல் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரே குறைவு. உறுப்பு நாடுகளுக்குள் வரியை நீக்கினால் முதலாவது. கூடவே, வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி போட்டால் இரண்டாவது. இந்த ஏணி எங்கே நிற்கிறோம் என்று காட்டும். ஏன் ஏறினோம் என்று சொல்லாது. கோட்பாடு தேவைப்படுவது அந்த 'ஏன்'னுக்குத்தான்.

படி 3: ரயிலில் ஏறுங்கள்

ஜெர்மனியின் ரூர் பகுதியிலிருந்து பிரான்சின் லொரேன் எஃகு ஆலைகளுக்குக் கோக் நிலக்கரி ரயிலில் போனது. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் என்பது ரயில்வே வழக்கம். ஆனால் எல்லை வந்ததும் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். ஒரே பயணம் இரண்டு சின்னப் பயணங்களாகிவிடும். அப்புறம் எப்படி தூரத்துச் சலுகை கிடைக்கும்? சுங்க வரியை எடுத்தாலும் ரயில் கட்டணமே வரி மாதிரி உறுத்தியது. ஆகவே நிலக்கரிக்காக உருவான அமைப்பு ரயில் கட்டணத்திலும் கைவைக்க வேண்டி வந்தது.

ஒரு அறைக்கு மட்டும் வெள்ளையடிக்கலாம் என்று ஆரம்பித்தவர்களுக்கு இது புரியும். சுவர் பளிச்சென்று ஆனதும் ஜன்னல் அழுக்காகத் தெரியும், பிறகு ஒயரிங். ஒரு துறையில் தொடங்கிய ஒத்துழைப்பு பக்கத்துத் துறைக்குத் தொற்றுவதை அரசியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹாஸ் 'ஸ்பில்ஓவர்' என்றார். வழிந்தோடல் என்று வைத்துக்கொள்வோம். நியோஃபங்ஷனலிசத்தின் மையம் இதுதான். இதைத் தள்ளுபவர்கள் வணிகர்கள், தொழிற்சங்கங்கள், பொது அமைப்பின் அதிகாரிகள். அதே ஆறு நாடுகளும் பொதுச் சந்தைக்கு ஒப்புக்கொண்ட 1957 ரோம் ஒப்பந்தத்தைப் பார்த்தவர்களுக்கு, மறு ஆண்டு புத்தகமாக வந்த ஹாஸின் வாதம் சரிதான் போலிருக்கிறதே என்று தோன்றியது.

படி 4: காலி நாற்காலியைப் பாருங்கள்

1965 ஜூலையில் பிரெஞ்சு ஜனாதிபதி சார்ல் த கோல், ரோம் ஒப்பந்தத்தால் உருவான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர்கள் மன்றத்துக்குத் தன் பிரதிநிதிகளை அனுப்ப மறுத்தார். விவசாயக் கொள்கைக்கு நிதி திரட்டும் சாக்கில் ஆணையம் (அந்தச் சமூகத்தின் நிர்வாக அமைப்பு) தன் அதிகாரத்தைக் கூட்டிக்கொள்ளப் பார்க்கிறது என்பது ஒரு கோபம். 1966 முதல் பல விஷயங்களில் பெரும்பான்மை வாக்கெடுப்பு வரப்போகிறது என்பது இன்னொன்று. சுமார் ஏழு மாதம் அந்த நாற்காலி காலி. 1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் சமரசம்: ஒரு நாட்டின் மிக முக்கிய நலன் சம்பந்தப்பட்டிருந்தால் எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேச வேண்டும் என்றது பிரான்ஸ். மற்ற ஐவரும் முழுதாக ஏற்கவில்லை. நடைமுறையில் நெடுநாள் அதுதான் நடந்தது.

வழிந்தோடல் தானாக நடப்பது என்றால் ஒரு மனிதர் எப்படி அணை கட்டினார்? இன்னொரு அரசியல் அறிஞர் ஸ்டான்லி ஹாஃப்மன் இங்கேதான் புகுந்தார். பாதுகாப்பு, இறையாண்மை என்று வந்துவிட்டால் கடைசி வார்த்தை அரசுகளுடையது என்றார். இதுதான் இன்டர்கவர்ன்மென்டலிசம். பிறகு ஆண்ட்ரூ மொராவ்சிக் இதில் உள்நாட்டுப் பொருளாதார நலன்களையும் பேரத்தையும் சேர்த்தார். என் கணக்கில், சாதாரண நாட்களுக்கு ஹாஸ், நெருக்கடி நாட்களுக்கு ஹாஃப்மன்.

கன்ஸ்ட்ரக்டிவிசம் என்ற மூன்றாவது கண்ணாடியும் உண்டு: "நாம் ஒரே கூட்டம்" என்ற உணர்வும் பழகிப்போன நடைமுறைகளும் முக்கியம் என்பது அதன் வாதம். ஓட்டெடுப்பைத் தவிர்த்து, பேசிப்பேசி ஒத்த முடிவுக்கு வரும் ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) பழக்கத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

படி 5: உங்கள் முறை

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985இல் டாக்காவில் தொடங்கியது. இருதரப்புச் சச்சரவுகளைப் பேசக்கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. 2014 காத்மாண்டு மாநாட்டில் மின்சார ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. மோட்டார் வாகன ஒப்பந்தம், பாகிஸ்தானின் உள்நாட்டு நடைமுறைகள் முடியவில்லை என்ற காரணத்தால் நின்றது. மறு ஆண்டே வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் திம்புவில் தனியாக ஒரு வாகன ஒப்பந்தம் போட்டன. 2016இல் பூடான் நாடாளுமன்றத்தின் மேலவை அதை நிராகரித்தது. இப்போது நோட்டில் இரண்டு பத்தி வரைந்து, காத்மாண்டு, திம்பு, பூடான் மேலவை மூன்றிலும் தள்ளியவர் யார், பிடித்தவர் யார் என்று எழுதுங்கள். பூடான் வரிசையில் பேனா கொஞ்சம் தயங்கும், ஏனென்றால் அங்கே கையெழுத்துப் போட்டதும் அரசு, மறுத்ததும் அதே நாட்டின் ஓர் அவை.