நோயாளி கைமாறும் இடத்தில்தான் கோட்டை விடுகிறோம்: மருத்துவச் சேவையைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லிக்குப்பத்தில் சுகரும் பி.பி.யும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாந்திர மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில். காலில் வந்த புண் ஆறவில்லை என்றால் கடலூர் ஜி.எச். அங்கிருந்து ரெஃபர் செய்தால் கோரிமேட்டில் ஜிப்மர், இல்லாவிட்டால் சிதம்பரத்திலோ முண்டியம்பாக்கத்திலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி. ராத்திரி திடீரென்று காய்ச்சல் அடித்தால் தெருமுனை கிளினிக். பாகூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் முடியாமல் போனால் புதுச்சேரி அரசின் மருத்துவமனை. கடலூர் தமிழ்நாடு அரசின் கீழ், ஜிப்மர் மத்திய அரசின் கீழ், பாகூர் யூனியன் பிரதேச அரசின் கீழ். ஒரே உடம்பு, மூன்று நிர்வாகம், ஐந்தாறு ஓ.பி. சீட்டு. இவற்றை எல்லாம் இணைப்பது அவர் கையில் இருக்கும் ஜவுளிக்கடைப் பை மட்டும்தான்.

இந்த ஒவ்வோர் இடத்திலும் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான சேதம் நடப்பது இவர் அந்த இடங்களுக்கு நடுவே போய் வரும்போது. ஓ.பி.யிலிருந்து லேபுக்கு, பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு, ஜிப்மரிலிருந்து திரும்ப ஊருக்கு. சேவையை மேம்படுத்தக் கிளம்புகிறவர்கள் ஆனால் அறைகளையே பார்க்கிறார்கள். புதுக் கட்டடம், புது மெஷின், புது பெயர்ப்பலகை. கைமாறும் இடங்களைப் பார்க்க ஆள் இல்லை. மருத்துவ அலுவலர்கள், சிஸ்டர்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கூட்டத்தைப் பார்த்ததும் ஆள் பற்றாக்குறை என்று முடிவு கட்டுவது

ஆள் பற்றாக்குறை உண்மைதான், பல இடங்களில் கடுமையாகவே இருக்கிறது. ஆனால் கூட்டத்துக்கு அது ஒன்றே காரணம் என்று வைத்துக்கொண்டால் மற்ற காரணங்களைத் தேடவே மாட்டோம். வரிசைகளைப் பற்றி ஒரு எளிய கணக்கு உண்டு. 1961இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்தது: ஓர் இடத்தில் சராசரியாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, ஒரு மணி நேரத்தில் வருகிறவர்களை அவர்கள் உள்ளே தங்கும் மணி நேரத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 40 பேர் வந்து, ஆளுக்கு 3 மணி நேரம் உள்ளே இருந்தால் எப்போதும் 120 பேர் நிற்பார்கள். அதே 40 பேர் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே போனால் 60 பேர்தான். வருகிறவர் எண்ணிக்கை மாறவில்லை, கூட்டம் பாதியாகிவிட்டது.

அந்த 3 மணி நேரம் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு நோயாளியோடு கடிகாரத்தை வைத்துக்கொண்டு சீட்டு வாங்கும் வரிசையிலிருந்து மருந்து வாங்கும் ஜன்னல் வரை கூடவே நடந்து பார்ப்பதுதான் வழி. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்த வரைபடம் இதற்கு உதவாது. நடந்து பார்த்தால் வழக்கமாகத் தென்படுவது இதுதான்: டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, அவர் ரத்தப் பரிசோதனை எழுதியதும் லேபில் ஒரு வரிசை, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பு, ரிப்போர்ட்டோடு மறுபடி டாக்டர் வரிசை. அதற்குள் ஓ.பி. முடிந்துவிட்டால் “நாளைக்கு வாங்க”. விருத்தாசலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவருக்கு நாளைக்கு என்பது இன்னொரு நாள் கூலி போவது.

தொடர் சிகிச்சைக்கு வருகிற சுகர் நோயாளிக்கு என்ன பரிசோதனை தேவை என்பது முன்பே தெரிந்த விஷயம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சிஸ்டர் ரத்தம் எடுக்க நிலையான உத்தரவு இருந்தால் இரண்டு வரிசை ஒன்றாகிவிடும். இன்னொன்று: மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அது மட்டும்தான் பார்க்கப் போகிறோம் என்றால் வயதானவர்களைப் பட்டினியோடு பஸ் ஏற்றாதீர்கள். எல்லோரையும் காலை 8 மணிக்கே வரச் சொல்வதும் கூட்டத்தை நாமே உண்டாக்குவதுதான். வரவேண்டிய நாளை எழுதும் சீட்டில் நேரத்தையும் சேர்த்து எழுதினால், எல்லோரும் கேட்க மாட்டார்கள், சரி, ஆனால் பாதிப் பேர் கேட்டாலே காலை நெரிசல் குறையும்.

ரெஃபர் செய்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். “மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது” என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. என்ன மருந்து கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எதற்காகப் பயப்படுகிறோம் என்று எதுவும் இருக்காது. வாங்கிக்கொள்ளும் இடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நேற்று எடுத்த ரத்தத்தை இன்று மறுபடி எடுப்பார்கள்.

போகும் வழியாவது பரவாயில்லை. திரும்பி வரும் வழி அதைவிட மோசம். பெரிய ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் கொடுப்பார்கள், அது பையில் மடங்கிக் கிடக்கும். ஊர் சுகாதார நிலையத்துக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக எழுதிய மாத்திரையோடு, ஊரில் ஏற்கெனவே வாங்கிய மாத்திரையையும் சேர்த்து அவர் விழுங்குவார். கம்பெனிப் பெயர்தான் வேறு, மருந்து இரண்டிலும் அதே அம்லோடிபின் என்ற பி.பி. மருந்து. இரட்டை அளவு போய், கால் வீங்கி, தலை சுற்றிக் கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவார். எந்தப் பதிவேட்டிலும் இது மருத்துவப் பிழை என்று வராது. வயதானவர் தடுக்கி விழுந்தார் என்றுதான் வரும்.

ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைப்பதற்கான 14 இலக்க ஆபா எண் வந்துவிட்டது, இனி எல்லாம் கம்ப்யூட்டரில் இணைந்துவிடும் என்கிறார்கள். இணைய வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் எண் இருப்பதாலேயே தகவல் போய்ச் சேர்ந்துவிடாது. இரண்டு பக்கமும் பதிவேற்ற வேண்டும், இரண்டு பக்கமும் திறந்து பார்க்க நேரம் வேண்டும். அதுவரை செய்யக்கூடியது மிகச் சாதாரணமானது. ஊர் டாக்டருக்கென்று தமிழில் நான்கு வரி: என்ன நோய், எந்த மருந்தை நிறுத்தினோம், எதைச் சேர்த்தோம், அடுத்து எப்போது எதைப் பார்க்க வேண்டும். மருந்தின் பெயரைக் கம்பெனிப் பெயராக எழுதாமல் மூலப்பெயராக எழுத வேண்டும். “நிறுத்தினோம்” என்ற வரி மிக முக்கியம், பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான்.

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போய் எந்த மாத்திரையை எப்போ போடுவீங்க, சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் தெரியவரும் குழப்பம் அதிர்ச்சியாக இருக்கும்.

ஒரே கட்டடத்துக்குள் கைமாறுவதிலும் இதே கதைதான். இரவு டியூட்டி டாக்டரை அழைத்து “சார், 12ஆம் பெட்டுக்கு ஒரு மாதிரியா இருக்கு, வர்றீங்களா” என்றால் அவர் அரைத் தூக்கத்தில் என்ன முடிவெடுப்பார்? அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பழகிய ஒரு வரிசையைப் பின்னால் மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும். “12ஆம் பெட், பல்ஸ் 130, பி.பி. 90/60. இன்று காலை வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். உள்ளே ரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்.” இதில் நான்காவது வரியைச் சொல்லத்தான் நம் சிஸ்டர்கள் தயங்குகிறார்கள். தயங்க வைத்தது நாம். டாக்டர்கள் “நீங்க யாரு சொல்றதுக்கு” என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அந்த வார்டில் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வந்தவர்களை மட்டும் எண்ணுவது

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. மருந்து வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம் என்ற வகையில் இது பெரிய மாற்றம். ஆனால் மாத்திரை கொடுத்த எண்ணிக்கையைக் காட்டி நிறுத்திக்கொண்டால், அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியாமலே போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சுகாதார நிலையத்தில் பி.பி. நோயாளிகள் 1000 பேர் பதிவாகி இருக்கிறார்கள். கடந்த மூன்று மாதத்தில் 600 பேருக்கு அளந்து பார்த்தார்கள். 400 பேருக்கு 140/90க்குக் கீழே. அளந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கட்டுப்பாட்டில் என்று அறிக்கை போகும். பதிவான 1000 பேரை வைத்துப் பார்த்தால் 40 சதவீதம்தான். இந்தியாவின் ரத்தக்கொதிப்புக் கட்டுப்பாட்டு முன்முயற்சி பதிவானவர்கள் அனைவரையும் கணக்கில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். வராத 400 பேர்தான் நாளைக்குப் பக்கவாதத்தோடு ஜி.எச். வாசலில் இறங்கப் போகிறவர்கள். தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவரும், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிற பெண்ணும் ஓ.பி. நேரத்தில் வர முடியாதவர்கள். அவர்கள் பெயர்களை எழுதி கிராம சுகாதார செவிலியர் கையில் கொடுப்பதுதான் இந்தக் கணக்கால் கிடைக்கும் பயன்.

ஆனால் அவர் கையில் ஏற்கெனவே எத்தனை ரிஜிஸ்டர், எத்தனை செயலி என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். புதிதாக ஒரு படிவம் சேர்த்தால் பழையதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவே போடலாம்.

வெற்றி பெற்ற இடத்தை அப்படியே நகலெடுப்பது

தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருப்பதால் நம் பகுதியில் “அரவிந்த் மாதிரி செய்யலாமே” என்ற பேச்சு அடிக்கடி வரும். அங்கே ஒரு கண்ணில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார், டாக்டர் அப்படியே திரும்பிக்கொள்வார். பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்த இரண்டு மேஜையை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

அந்த மேஜைகளுக்குப் பின்னால் இருப்பது ஆள் அமைப்பு. கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து 2 ஆண்டுகள் பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை அளப்பது முதல் நோயாளியைத் தயார்ப்படுத்துவது வரை அவர்கள் வேலை. தீர்மானமும் ஆபரேஷனும் மட்டும் டாக்டருடையது. கண்ணுக்குள் வைக்கும் லென்சை 1992 முதல் அவர்களின் ஆரோலேப் நிறுவனமே தயாரிக்கிறது. எல்லாவற்றையும்விட, கண்புரை ஆபரேஷனின் படிகள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பெரிதாக மாறுவதில்லை. பொது மருத்துவ ஓ.பி.யில் அடுத்து உட்காரப் போகிறவருக்கு நெஞ்சுவலியா, மனச்சோர்வா, பாம்புக்கடியா என்று தெரியாது. அங்கே இரண்டு மேஜை போட்டால் இரண்டு நோயாளிகளின் அந்தரங்கம்தான் போகும். எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, மற்றதைப் பயிற்சி கொடுத்து யாரிடம் ஒப்படைக்கலாம்?

டிக் அடிப்பதையே வேலையாக்குவது

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என மூன்று இடத்தில் எல்லோரும் நின்று வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். டில்லி உட்பட 8 நகரங்களில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் இதைப் பின்பற்றிய பிறகு நடந்த ஆய்வு 2014இல் வந்தபோது, இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பட்டியல் மேலிருந்து உத்தரவாக வந்து, காகிதம் மட்டும் நிரம்பியிருந்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் கருத்து. நம் ஊரில் ஆபரேஷன் முடிந்த பிறகு ஒரே மூச்சில் மூன்று பகுதியையும் டிக் அடிக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், அந்தத் தாளை வைத்திருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். இருக்கிறது என்ற பொய் நம்பிக்கையாவது இருக்காது.

மாற்றத்தை மாவட்டம் முழுக்க ஒரே நாளில் அறிவிப்பதும் இதே வகைத் தவறு. ஒரு டாக்டர், ஓர் அறை, ஒரு நாள் செய்து பாருங்கள். சொதப்பினால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். வாரா வாரம் ஒரு புள்ளி வைத்து வரைந்து பார்த்தால் உண்மையில் குறைந்ததா, இல்லை பொங்கல் வாரத்தில் கூட்டம் குறைவாக இருந்ததா என்று தெரியும். தவறு நடந்தால் உடனே விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தால், அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது.

எல்லா மாதமும் ஒன்று என்று திட்டமிடுவது

இது நம் கரைக்கே உரிய தவறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாலை துண்டிக்கப்படும், மின்சாரம் போகும் என்பது தெரிந்த விஷயம். ஆனாலும் மாத்திரை எப்போதும்போல 30 நாளுக்கு, டயாலிசிஸ் அட்டவணை எப்போதும்போல வாரம் 2 அல்லது 3 முறை.

செப்டம்பரிலேயே கூடுதலாக ஒரு மாத மாத்திரை கையிருப்புக்குக் கொடுக்கலாம். பிரசவ தேதி நெருங்கிய கர்ப்பிணிகளைப் புயலுக்கு முன்பே மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதே பட்டியலில் டயாலிசிஸ் நோயாளிகளையும், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களையும், இன்சுலின் போடுபவர்களையும் சேர்க்க வேண்டும். எந்தத் தெரு, யார் போய் அழைப்பார்கள், டயாலிசிஸுக்கு எல்லை தாண்டி எந்த மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும் என்பதைப் புதுச்சேரி, கடலூர் இரு தரப்பும் மழைக்கு முன்பே உட்கார்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும். செல்போன் டவர் விழுந்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலைத் திறக்க முடியாது. எனவே ஒரு பிரதி காகிதத்தில், சுகாதார நிலையத்தில் ஒன்று, கிராம சுகாதார செவிலியர் வீட்டில் ஒன்று.