டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன மெடலும் கோர்ஸும்: சேர்க்க என்ன செய்யணும்

எங்கள் மாமாவுக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். 1988-ல் அவருடைய பட்டாலியனோடு இலங்கைக்குப் போய், அங்கே இந்திய அமைதிப் படை நடத்திய ஆபரேஷன் பவனில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பினார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றக் கூப்பிட்டபோது, "ஏனுங்க மாமா, மெடல் எல்லாம் குத்திக்கிட்டு வாங்க" என்றேன். "புக்குல இல்லாதத எப்புடி மாப்ளை நெஞ்சுல குத்திக்கறது" என்றார். பட்டாளத்தை விட்டு வரும்போது சேவை விவரமெல்லாம் எழுதிக் கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக்கைத்தான் சொன்னார், வாங்கிப் பார்த்தேன். இலங்கை கிளாஸ்ப்போடு, அதாவது ரிப்பனில் இலங்கை என்று குறிக்கிற பட்டையோடு வர வேண்டிய ஸ்பெஷல் சர்வீஸ் மெடலைக் காணோம். அவர் முடித்த டிரைவிங் அண்ட் மெயின்டனன்ஸ் கோர்ஸையும் காணோம். ரிட்டயர் ஆகி வந்த புதிதில் ஒரு டிரைவர் வேலைக்குப் போய், "பட்டாளத்தில் வண்டி ஓட்டியதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது" என்று கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தவர் அவர். அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

நானும் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன்தான், அதனால் எந்த இடத்தில் இது விட்டுப்போயிருக்கும் என்று ஓரளவு தெரியும். நம்ம பக்கத்தில் இதே குறையோடு இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் பதிவு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீங்கள் ஒரு கோர்ஸ் முடித்தாலோ, ஒரு மெடலுக்குத் தகுதி பெற்றாலோ, உங்கள் யூனிட் ஒரு பார்ட் டூ ஆர்டர், அதாவது அந்த விவரத்தைப் பதியச் சொல்கிற உத்தரவு, வெளியிடும். அது உங்கள் ரெஜிமென்ட்டின் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். அங்கே உங்கள் ஷீட் ரோலில், அதாவது உங்கள் சேவைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். நீங்கள் வெளியே வரும்போது அந்த ஷீட் ரோலைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக் எழுதுகிறார்கள். ஆக, தப்பு மூன்று இடத்தில் நடந்திருக்கலாம்: யூனிட் ஆர்டரே போடவில்லை, அல்லது ஆர்டர் போட்டும் ஷீட் ரோலில் ஏறவில்லை, அல்லது ஷீட் ரோலில் இருந்தும் புத்தகத்தில் எழுத விட்டுவிட்டார்கள். மூன்றாவது சுலபம். இரண்டாவது கொஞ்சம் அலைச்சல். முதலாவதுதான் கஷ்டம், அதற்குத்தான் சாட்சியம் தேட வேண்டும். எது நடந்தது என்று தெரியாமலே "எனக்கு மெடல் தரவில்லை, கருணை கூர்ந்து தரவும்" என்று எழுதுகிறவர்களுக்கு, "உங்கள் பதிவேட்டில் அப்படி ஒன்றும் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும், அதோடு மனசு விட்டுப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் மெடலைக் கேட்பதற்கு முன்னால் பதிவைக் கேளுங்கள்.

அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, அதாவது ஆர்.டி.ஐ. போதும். உங்கள் ரெக்கார்ட் ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் வையுங்கள், அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பெயருக்கு எடுக்க வேண்டும். நம்ம ஊர்த் தாலுகா ஆபீஸ் மனுக்களில் ஒட்டுகிற மாதிரி கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பாதீர்கள், மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது. ஆங்கிலத்தில் எழுதுங்கள், அல்லது எழுதத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். "ஏன் தரவில்லை" என்று ஒரு கேள்வியும் வேண்டாம். என்னுடைய ஷீட் ரோலின் நகல், இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை என் பெயரில் வந்த பார்ட் டூ ஆர்டர்களின் நகல், என் கோர்ஸ் விவரம், எனக்குத் தகுதியான மெடல்கள் என்று பதிவாகியிருப்பவற்றின் பட்டியல், இந்த நாலு மட்டும் போதும். பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, பாதி மட்டும் வந்தாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம்.

எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்பது உங்கள் ரெஜிமென்ட்டைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், நமக்குக் கொடுத்துவைத்த இடம் அது: மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பஸ் ஏறினால் மலை ஏறி இறங்கிவிடலாம், காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாம். பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு, வண்டி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத், ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. தூரத்தில் இருப்பவர்கள் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எதற்குத் தகுதி இருக்கிறது என்பதையும் நீங்களே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள், பலர் தங்களுக்குச் சேர வேண்டியதே தெரியாமல் இருக்கிறார்கள். 9 வருஷம், 20 வருஷம், 30 வருஷம் என்று நீண்ட சேவைக்கே தனித்தனி மெடல் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று படையில் இருந்தவர்களுக்கு 25-ஆம் சுதந்திர ஆண்டு மெடல், 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்கு 50-ஆம் ஆண்டு மெடல். 9,000 அடிக்கு மேலே மொத்தம் 180 நாள் இருந்திருந்தால் உச்ச துங்கதா என்கிற உயர்மலைச் சேவை மெடல். கார்கிலுக்கு ஆப் விஜய் ஸ்டார், ஆப் விஜய் மெடல் என்று இரண்டு, இரண்டுக்கும் தகுதி வேறு. ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி சேவை மெடல்களால் பென்ஷனில் ஒரு ரூபாய்கூட ஏறாது. வீரதீர விருதுகளுக்குத்தான் மாதப்படி உண்டு. ஆனால் பனியில் கிடந்த மனிதனுக்கு அது அங்கே கிடந்ததற்கான எழுத்து, பணத்தை வைத்து அதை அளக்க என்னால் முடியாது.

கோர்ஸ் பதிவு வேறு விஷயம், அது வேலைக்கு நேராகப் பயன்படும். படையில் கற்ற தொழிலுக்கு வெளியே எந்தத் தொழில் சமம் என்று மறுவாழ்வு இயக்குநரகமான டி.ஜி.ஆர். வைத்திருக்கிற பட்டியல் உண்டு, அதை வைத்து வேலை கேட்க வேண்டுமானால் உங்கள் டிரேடும் கோர்ஸும் புத்தகத்தில் சரியாக இருக்க வேண்டும். இப்போது நாற்பது வயதுக்குள் வெளியே வருகிற பிள்ளைகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது, வெளியே வருவதற்கு முன் நடக்கிற டிஸ்சார்ஜ் டிரில் நடைமுறையில் நிற்கும்போதே பக்கம் பக்கமாகப் படித்துப் பாருங்கள், அங்கே ஒரு மணி நேரத்தில் முடிகிற திருத்தம் ஊருக்கு வந்த பிறகு ஒரு வருஷம் இழுக்கும்.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். ஆர்.டி.ஐ. நகல் வந்தது. இலங்கைக்கான பார்ட் டூ ஆர்டர் போட்டிருக்கிறார்கள், ஆனால் அவருடைய ஆர்மி நம்பரில் ஒரு இலக்கம் மாறிப்போயிருக்கிறது, அதனால் ஷீட் ரோலில் ஏறவே இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் கார்பன் வைத்துத் தட்டச்சு அடித்தோம், ஒரே ராத்திரியில் நூறு பேர் நம்பர், எப்படி நடந்திருக்கும் என்று என் விரலுக்கே தெரியும். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், வருகிற ஒவ்வொரு நகலிலும் நம்பரை எழுத்து எழுத்தாக, கடைசியில் வருகிற ஆங்கில எழுத்து உட்பட ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரின் ஸ்பெல்லிங்கையும்.

கோர்ஸுக்கு ஆர்டரே இல்லை. அதற்குத்தான் வீட்டு டிரங்குப் பெட்டியைக் குடைந்தோம். கோர்ஸ் சர்டிபிகேட், மூவ்மென்ட் ஆர்டர், கோர்ஸ் முடிவில் எடுத்த குரூப் போட்டோ, அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர், பழைய மிலிட்டரி டிரைவிங் லைசென்ஸ், எதுவானாலும் தேதி இருந்தால் எடுத்து வையுங்கள். கூட இருந்தவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் அதே கோர்ஸ் பதிவாகியிருந்தால் அந்தப் பக்கத்தின் நகல் பெரிய பலம். மாமாவோடு கோர்ஸ் செய்தவர் ஒருவர் தாராபுரத்தில் இருந்தார். மாமாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, நகல் எடுக்கக் கடைக்கும் அவரே கூட வந்தார்.

கடிதத்தை நீட்டாதீர்கள். மேலே ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், கடைசி யூனிட், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவின் நம்பர். கீழே ஒரே கோரிக்கை: இந்தத் தேதியிட்ட இந்த பார்ட் டூ ஆர்டரில் உள்ள விவரத்தை என் ஷீட் ரோலிலும் டிஸ்சார்ஜ் புக்கிலும் பதிவு செய்து, மெடல் இன்னும் வழங்கப்படாததால் அதையும் வழங்க வேண்டும். மெடலுக்கு ஒரு கடிதம், கோர்ஸுக்கு ஒரு கடிதம் என்று தனித்தனியாக அனுப்புங்கள். பெயர், பிறந்த தேதித் திருத்தத்தை இதோடு சேர்க்கவே வேண்டாம், அதற்கு அபிடவிட் அது இது என்று வேறு நடைமுறை, சேர்த்தால் எல்லாமே அதோடு நின்றுவிடும். ரேங்க்கோ சர்வீஸ் வருஷமோ தப்பாக இருந்தால் அதுவும் தனி, பென்ஷனைத் தொடுகிற விஷயம் என்பதால் திருத்திய பி.பி.ஓ. கேட்டு எழுத வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கிறது. உதவி இயக்குநர் கையெழுத்தோடு அவர்கள் வழியாகப் போகிற மனுவுக்கு மரியாதை கூட, பதில் வராவிட்டால் நினைவூட்டு எழுதவும் ஆள் இருக்கும். காசு ஒன்றும் கிடையாது. வெளியே "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கிறவர்களிடம் ஒரிஜினல் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ரெக்கார்ட் ஆபீஸ் ஒத்துக்கொண்டால் பதிவு செய்ய ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்கலாம். எல்லாப் பக்கத்தையும் கலரில் நகல் எடுத்து வைத்துவிட்டு அனுப்புங்கள், முடிந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் அவசரப்பட வேண்டும். 25 வருஷம் ஆனதும் அவர்களுடைய ஆவணங்களை அழித்துவிடுவார்கள், லாங் ரோல் என்கிற நிரந்தரப் பதிவேடு மட்டும்தான் மிஞ்சும். அப்படி அழிந்திருந்தால் லாங் ரோல் நகலைக் கேளுங்கள், அதோடு வீட்டில் இருக்கிற தாள்தான் சாட்சி. பென்ஷன் வாங்கிய படைவீரர் இறந்துவிட்டாலும் மனைவி எழுதலாம், இறப்புச் சான்றும் குடும்ப பென்ஷன் தாளும் இணைத்தால் போதும்.

எல்லாம் கொடுத்தும் எழுத்தில் மறுத்துவிட்டால், சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் மறுப்புக் கடிதத்தையும் உறையையும் கிழிக்காமல் வையுங்கள், தேதி அதில்தான் இருக்கிறது.

மாமாவுக்கு இலங்கைப் பதிவு ஏழு மாதத்தில் ஏறியது, மெடல் அதற்கும் பிறகு ஒரு சின்னப் பெட்டியில் தபாலில் வந்தது. கோர்ஸுக்கு இரண்டு தடவை திருப்பி எழுத வேண்டியிருந்தது, தாராபுரத்து நகலோடு மூன்றாவதாகப் போன கடிதத்துக்குத்தான் முத்திரை குத்திப் பக்கம் திரும்பி வந்தது. மாமா அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தாராபுரத்துக்குப் போன் போடச் சொன்னார்.